ஹார்த்ஸ்டோன் ஆடிப் பழகியவர்கள் மேஜிக் அரீனாவுக்குப் போகலாமா?

போகலாம். இரண்டுமே ஆன்லைனில் ஆடுகிற கார்டு விளையாட்டுகள்தான். வீட்டில் ஒரு கணினி இருந்து, ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஒதுக்க முடிந்து, தோற்றால் எங்கே கோட்டை விட்டோம் என்று உட்கார்ந்து யோசிக்கிற ஆளாக இருந்தால் கட்டாயம் போகலாம். பஸ்ஸில் போகும்போது ஐந்து நிமிடம் ஆட ஒன்று வேண்டும் என்றால் இது அதற்கான விளையாட்டு இல்லை. அதற்கு மார்வெல் ஸ்னாப் இருக்கிறது, 12 கார்டு, 6 டர்ன், ஆட்டம் முடிந்தது. அதுவும் நல்ல விளையாட்டுதான்.

மேஜிக் என்ற பெயரைக் கேட்டதுமே பலர் பின்வாங்குவதைப் பார்க்கிறேன். காரணம் புரிகிறது. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கிய காகிதக் கார்டு விளையாட்டு இது, இன்றுவரை நிற்காமல் புதுக் கார்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன, முழு விதிமுறையை அச்சடித்தால் 200 பக்கத்தைத் தாண்டும், போதாததற்கு இந்த விளையாட்டின் கார்டுகளை வைத்தே ஒரு கணினியின் வேலையைச் செய்து காட்டலாம் என்று 2019-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. ஆனால் அரீனா என்பது அந்த விளையாட்டின் டிஜிட்டல் வடிவம். 2019 செப்டம்பரில் முழுமையாக வெளியாகி, 2021-ல் போனுக்கும் 2023-ல் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடைக்கும் வந்தது. விதிகளைக் கட்டிக் காக்கிற வேலை மொத்தமும் மென்பொருளின் தலையில். போட முடிகிற கார்டு மட்டும் ஒளிரும், தப்பான நேரத்தில் போடவே விடாது, கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். 200 பக்கத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் ஆடலாம்.

கஷ்டம் விதியில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்த்ஸ்டோனில் எதிராளியின் டர்ன் வந்தால் நமக்கு வேலை கிடையாது, முன்பே போட்டு வைத்த சீக்ரெட் ஏதாவது இருந்தால் அது தானாக வெடிக்கும், அவ்வளவுதான். மேஜிக்கில் இன்ஸ்டன்ட் வகைக் கார்டுகளை எதிராளியின் டர்னிலும் போடலாம், அவர் ஒரு கார்டைப் போட்ட அடுத்த நொடியே, அது பலிப்பதற்கு முன்பே போடலாம். இரண்டு பேர் போட்டதும் ஸ்டாக் என்று ஒரு வரிசையில் ஏறும், கடைசியாக ஏறியது முதலில் பலிக்கும். இந்த ஒரு விஷயம்தான் மொத்த விளையாட்டையும் வேறு ஆக்குகிறது.

ஒரு உதாரணம் சொன்னால் பிடிபடும். நீங்கள் பச்சை நிற டெக் (ஆட எடுத்து வரும் கார்டுக் கட்டு), தரையில் ஒரு 2/2 மிருகம், அதாவது அடிக்கும் வலு 2, தாங்கும் வலு 2, கையில் ஜயன்ட் குரோத். ஒரு மனா (கார்டு போடச் செலவழிக்கும் சக்தி) செலவில் அந்த டர்ன் முடியும்வரை +3/+3 தரும் கார்டு அது. எதிராளி சிவப்பு, அவரிடம் 3/3 ஒன்று நிற்கிறது, மனா தருகிற லேண்ட் கார்டுகளில் சிவப்புக்கான மவுண்டன் ஒன்றே ஒன்று மட்டும் பயன்படுத்தாமல் திறந்து கிடக்கிறது. நீங்கள் 2/2-வை அனுப்புகிறீர்கள், அவர் 3/3-ஐக் கொண்டு மறிக்கிறார், நீங்கள் ஜயன்ட் குரோத் போடுகிறீர்கள். உங்கள் கணக்கில் இது இப்போது 5/5, அவருடையது சாக வேண்டும். ஆனால் அவர் அந்த ஒரு மவுண்டனை வைத்து ஷாக் போடுகிறார், இரண்டு டேமேஜ். அது பின்னால் வந்ததால் முதலில் பலிக்கிறது. உங்கள் மிருகம் இன்னும் 2/2-தான், செத்துவிட்டது. ஜயன்ட் குரோத்துக்கு இலக்கே இல்லை, அதுவும் வீண். அவர் செலவழித்தது ஒரு கார்டு, நீங்கள் இழந்தது இரண்டு.

இதையே திருப்பிப் போடுங்கள். நீங்கள் தாக்காமல் காத்திருக்கிறீர்கள், அவர் பொறுமை இழந்து உங்கள் 2/2 மேல் ஷாக் போடுகிறார், இப்போது நீங்கள் ஜயன்ட் குரோத் போடுகிறீர்கள். அது முதலில் பலித்து மிருகம் 5/5 ஆகிவிட, இரண்டு டேமேஜ் வந்து ஒன்றும் செய்யாமல் போகிறது. கார்டுகள் அதேதான், யார் முதலில் அசைந்தார் என்பது மட்டும்தான் மாறியது. அதனால் எதிராளி எத்தனை லேண்டை விட்டு வைத்திருக்கிறார், என்ன நிறம், போன டர்னில் போட்டிருக்க வேண்டியதை ஏன் போடவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரம்மியில் எதிரே இருப்பவர் எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்று பார்த்தே அவர் கையை ஊகிப்போமே, அந்த மூளை இங்கே நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று தாக்குதல். ஹார்த்ஸ்டோனில் தாக்குகிறவர்தான் யாரை அடிப்பது என்று முடிவு செய்வார், எதிரியின் மினியனை (அங்கே மிருகத்துக்கு அதுதான் பெயர்) பார்த்துப் பார்த்து அடித்துக் காலி செய்வதே பாதி ஆட்டம். மேஜிக்கில் தாக்குதல் பொதுவாக எதிராளியின் மேல்தான் போகும், மறிப்பதா வேண்டாமா, எதை வைத்து மறிப்பது என்பதெல்லாம் அவர் கையில். சாகாத மிருகத்தின் காயம் டர்ன் முடிந்ததும் ஆறிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் கொல்ல முடியாது. தாக்கப் போன மிருகம் சாய்ந்து கிடக்கும், அடுத்து அவர் தாக்கும்போது உங்களுக்காக மறிக்க அது இல்லை. ஒவ்வொரு டர்னிலும் போவதா நிற்பதா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஹார்த்ஸ்டோன் கையோடு வருகிறவர்கள் கொஞ்ச நாள் திணறுவது ஸ்டாக்கில் அல்ல, இங்கேதான்.

சிக்கலாக இருப்பதாலேயே ஒரு விளையாட்டு நல்லதாகிவிடாது. இதே கார்ஃபீல்ட் பங்கெடுத்து, வால்வ் நிறுவனம் 2018 நவம்பரில் ஆர்டிஃபாக்ட் என்று ஒன்றை வெளியிட்டது. 20 டாலர் விலை, மூன்று தடங்களில் ஒரே சமயத்தில் ஆட வேண்டும், ஆழத்துக்குக் குறைவே இல்லை. சில மாதங்களிலேயே ஆட்கள் காலி, 2021-ல் வேலையை நிறுத்திவிட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். விலையும் ஒரு காரணம்தான், ஆனால் என் பார்வையில் பெரிய காரணம், தோற்றவருக்கு எதனால் தோற்றோம் என்று தெரியவே தெரியாது, மூன்று தடத்திலும் எங்கேயோ எப்போதோ ஏதோ நடந்திருக்கும். மேஜிக்கில் பெரும்பாலும் அந்த இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியும். மேலே சொன்ன ஷாக் மாதிரி. கற்றுக்கொள்ள முடிகிற சிக்கல் இது, அதனால்தான் முப்பது வருடம் தாண்டியும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது குறைகள். முதல் குறை லேண்ட். ஹார்த்ஸ்டோனில் டர்னுக்கு ஒரு மனா தானாக ஏறும். இங்கே மனா தருவதே லேண்ட் கார்டுதான், அதுவும் டெக்கிலேயே கலந்து கிடக்கும், 60 கார்டு டெக்கில் 24 வாக்கில் லேண்ட். சில ஆட்டங்களில் இரண்டு லேண்டோடு நின்றுவிடும், கையில் நல்ல கார்டுகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே தோற்க வேண்டியதுதான். சில ஆட்டங்களில் லேண்ட் மட்டுமே வந்துகொண்டிருக்கும். இதை நியாயப்படுத்தப் பலர் நிறையப் பேசுவார்கள், எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இரண்டு மூன்று நிறங்களைக் கலந்தால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும் என்பது லேண்ட் இருப்பதால்தான் சாத்தியமாகிறது, அது உண்மை. ஆனால் ஆடவே விடாமல் முடிகிற ஆட்டம் யாருக்கும் சந்தோஷம் தராது. ஒற்றை ஆட்ட முறையில் முதல் ஏழு கார்டை மட்டும் அரீனா கொஞ்சம் சீராக்கித் தருகிறது, அதற்கு மேல் உங்கள் பாடு. முதல் கையில் ஒரே ஒரு லேண்ட் என்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறுபடி ஏழு வரும், அதிலிருந்து ஒன்றை டெக்கின் அடியில் வைத்தால் போதும். ஆறு கார்டோடு ஜெயிப்பது சாதாரணமாக நடக்கிறது, ஒரே லேண்டோடு ஜெயிப்பது நடப்பதில்லை.

இரண்டாவது குறை செலவு. விளையாட்டு இலவசம், தினசரி குவெஸ்ட் முடித்தால் விளையாட்டுக்குள் செல்லும் காசான கோல்ட் 500 அல்லது 750 கிடைக்கும், கார்டுகள் அடைத்த ஒரு பேக் 1000 கோல்ட். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹார்த்ஸ்டோனில் வேண்டாத கார்டை உடைத்து டஸ்ட் எடுத்து வேண்டியதைச் செய்துகொள்ளலாம், இங்கே அது கிடையாது. வைல்ட்கார்டு என்று ஒன்று தருவார்கள், ஒரு ரேர் வைல்ட்கார்டு கொடுத்தால் விருப்பப்பட்ட ஒரு ரேர், அதாவது அரிய வகைக் கார்டு, கிடைக்கும். அதில் கொடுமை என்னவென்றால் இரண்டு நிற மனா தருகிற நல்ல லேண்டுகளே ரேர். அடிக்கிற கார்டுக்குச் செலவழிக்க வேண்டியதை லேண்டுக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும். அதனால் ஆரம்பத்தில் ஒரே நிற டெக் போதும், முடிந்தால் சிவப்பு, வேகமாகவும் இருக்கும், மலிவாகவும் முடியும். வைல்ட்கார்டு கையில் சேர்ந்ததும் ஏதாவது வீடியோவைப் பார்த்துவிட்டுக் கண்ட டெக்கிலும் கொட்டாதீர்கள், உடைத்துத் திரும்பப் பெற வழியே இல்லை.

பேக் வாங்குவதென்றால் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பு வாங்குங்கள். 2024 நவம்பரில் வந்தது, புதியவர்களை மனதில் வைத்தே செய்தது, அண்மைக்காலத் தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடுகிற ஸ்டாண்டர்ட் முறையில் குறைந்தது 2029 வரை செல்லும் என்று சொல்லியே வெளியிட்டார்கள். மற்ற தொகுப்புகளுக்கு ஆயுள் அவ்வளவு கிடையாது. 2025-ல் மட்டும் ஸ்டாண்டர்டுக்கு ஆறு தொகுப்பு வந்தது, அதில் ஃபைனல் ஃபேண்டஸி, ஸ்பைடர்மேன், அவதார் என்று வெளி உலகக் கதைகளும் சேர்த்தி. பழைய ஆட்களே மூச்சு வாங்குகிற வேகம் இது, புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் துரத்த நினைத்தால் வேலைக்கு ஆகாது.

இடைமுகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை என்று தோன்றினால் அரீனா தானாகவே தாண்டிப் போய்விடும். பெரும்பாலும் வசதிதான், ஆனால் எதிராளியின் டர்னில் குறிப்பிட்ட கட்டத்தில் நிற்க வேண்டும் என்றால் கீழே இருக்கிற கட்டக் குறியைத் தொட்டு முன்கூட்டியே நிறுத்தம் வைக்க வேண்டும், அல்லது கன்ட்ரோல் பொத்தானைத் தட்டி முழுக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை விளையாட்டு ஒழுங்காகச் சொல்லித் தருவதே இல்லை, சொல்லித் தந்திருக்க வேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. நீங்கள் ஒரு கார்டு போட்டதும் திரை ஒரு கணம் தயங்கினால், எதிராளியிடம் பதில் சொல்ல ஏதோ இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். தயங்கவில்லை என்றால் தைரியமாகப் போகலாம். போனில் ஆட முடியும், ஆனால் கார்டு எழுத்து பொடிப் பொடியாக இருக்கும், ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். கார்டுகள் மனப்பாடம் ஆன பிறகு போன் சரி, கற்றுக்கொள்ளும்போது கணினிதான்.

இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு ஏன் போகச் சொல்கிறேன் என்றால், டிராஃப்ட். அரீனாவில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு பேக்கைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ள வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதில் ஒன்று, இப்படியே மூன்று பேக். எடுத்ததை வைத்து 40 கார்டு டெக் கட்டி ஆட வேண்டும். சேர்த்து வைத்த கார்டு, கொட்டிய பணம் எதுவும் இங்கே உதவாது, புதியவரும் பழையவரும் அதே பேக்கைத்தான் பிரிக்கிறார்கள். எடுத்த கார்டும் உங்களுக்கே சொந்தம். குவிக் டிராஃப்ட் 5000 கோல்ட், கார்டு எடுப்பது போட்களோடு, அதாவது கணினியே ஆட்டுவிக்கிற ஆட்களோடு என்பதால் அவசரம் இல்லை, ஒவ்வொரு கார்டையும் நிதானமாகப் படித்து எடுக்கலாம். ஆட்டம் மட்டும் மனிதர்களோடு, 7 ஜெயிக்கும்வரை அல்லது 3 தோற்கும்வரை.

நேரே அங்கே போகாதீர்கள். முதலில் கலர் சேலஞ்ச் என்ற பயிற்சி ஆட்டங்கள், மேஜிக் கார்டுகளின் ஐந்து நிறமும் எப்படி யோசிக்கும் என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் இலவசமாகத் தருகிற தொடக்க டெக்குகளில் ஒன்றை எடுத்து ஆடுங்கள். அப்புறம் ஜம்ப் இன், 1000 கோல்ட், இரண்டு கட்டுகளைத் தேர்ந்தெடுத்தால் அதுவே 40 கார்டு டெக் ஆகிவிடும், கட்டுவதற்கு மூளையைக் கசக்க வேண்டாம். ஆல்கெமி, ஹிஸ்டாரிக், டைம்லெஸ் என்று பெயர் பெயராக வருகிற பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

டிராஃப்டுக்குப் போகும் நாளில் இரண்டு நிறத்துக்கு மேல் தொடாதீர்கள், 17 லேண்ட், 15 மிருகம் வாக்கில், மீதி இடத்தில் எதிராளியின் மிருகத்தைக் கொல்கிற கார்டுகள். அப்புறம், உங்கள் பெரிய மிருகம் சும்மா நிற்கும்போது எதிராளி ஒரு சின்னதை நேராக அதன் வாய்க்கே அனுப்புகிறார் என்றால், மறிப்பதற்கு முன்னால் அவர் எத்தனை லேண்டைத் திறந்து வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.