பிரசவத்துக்கு முன்னால் பேப்பர் போட்டுவிடாதீர்கள்

சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கர்ப்பமாக இருந்துகொண்டு பேப்பர் போட்டு, அதாவது ராஜினாமா எழுதிக் கொடுத்து, வேலையை விடலாமா என்று யோசிப்பவர்கள், எனக்கு நடந்ததைக் கொஞ்சம் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

2022 நவம்பரில் எனக்கு ஏழாம் மாதம். பிப்ரவரி 10 என்று நாள் குறித்திருந்தார்கள். சென்னையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி, அம்மா திருநெல்வேலியை விட்டு வர மாட்டார். அதனால் பிரசவ லீவு முடிந்ததும் வேலையை விட்டுவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். அதை வீட்டோடு வைத்திருக்கலாம். லீவுக்கு எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் எச்ஆர் அக்காவிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன்.

"அப்படின்னா இப்பவே பேப்பர் போட்டுடுங்கப்பா. பேப்பர் போட்டப்புறம் இருக்க வேண்டிய 60 நாள் நோட்டீஸ் லீவுலயே ஓடிடும். கைக்குழந்தையை விட்டுட்டு வந்து நோட்டீஸ் சர்வ் பண்ற வேலை இல்லை பாருங்க. ஆறு மாச லீவுப் பணம் கடைசியா கணக்கு முடிக்கிற செட்டில்மென்ட்ல சேர்ந்து வந்துடும்" என்றார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். மெயிலில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, "சொந்தக் காரணம்னு போடுங்க, போதும்" என்றார். நவம்பர் 28 மதியம் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு பதில் வந்தது. ஒரு நாள் லீவு கேட்டால் மூன்று நாள் கழித்துப் பதில் போடுகிற கம்பெனி அது! அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கடைசி நாள் ஜனவரி 27 என்று அதில் போட்டிருந்தார்கள். அது ஏதோ நடைமுறை என்று நினைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6 அன்று திருநெல்வேலியில் சிசேரியன். நாலாம் நாள் டிஸ்சார்ஜ். 86,000 ரூபாய் பில். கம்பெனி கொடுத்திருந்த குரூப் இன்சூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போன என் கணவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். "சார், ஜனவரி 27லயே மேடம் பேரை பாலிசிலேர்ந்து எடுத்துட்டாங்களே" என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசி வேலை நாளோடு அந்த இன்சூரன்ஸும் போய்விடும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சித்தப்பாவின் கார்டைத் தேய்த்துத்தான் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

மார்ச்சில் செட்டில்மென்ட் வந்தது. ஜனவரி 27 வரைக்கும் சம்பளம், அவ்வளவுதான். போன் போட்டேன். "எம்ப்ளாயியா இருந்தாத்தானே மேடம் மெட்டர்னிட்டி?" நவம்பரில் 'பா' போட்டுப் பேசியவருக்கு நான் மேடம் ஆகிவிட்டேன்.

கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது. மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். டிசம்பர் 16 முதல் நான் லீவு. ஜூன் 15 வரை வந்திருக்க வேண்டிய பணம் 43 நாளோடு நின்றுவிட்டது. மீதி 139 நாள். என் 42,000 ரூபாய் சம்பளத்துக்கு அது கிட்டத்தட்ட ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம்.

தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே கேட்டார். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணைக் கம்பெனி வேலையை விட்டு நீக்க முடியாது, அப்போது அமலில் இருந்த 1961ஆம் வருஷத்து மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்றார். "ஆனா உங்களை யாரும் நீக்கலையேம்மா, நீங்களே இல்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க. அவங்க சொல்லித்தான் எழுதினீங்கன்னு காட்ட ஒரு மெயில், மெசேஜ் ஏதாவது இருக்கா?" எல்லாமே வாய்ப்பேச்சு. ஒரு வரி கூடக் கையில் இல்லை.

திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே லீவுச் சம்பளம் வாங்குவது சரியா என்று எனக்கும் உறுத்தல் இருந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அது இனி செய்யப்போகிற வேலைக்கு அட்வான்ஸ் இல்லை. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை வந்துவிடுகிறது. திரும்பி வந்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

அதே கம்பெனியில் எனக்கு இரண்டு மாதம் பின்னால் கர்ப்பமாக இருந்த தோழியை அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். லீவுக் கடிதத்தை மட்டும் மெயிலில் அனுப்பு, வேறு எதைக் கேட்டாலும் "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லு, அவர்கள் போனில் பேசினால் பேசியதை அப்படியே எழுதி அவர்களுக்கே மெயில் போட்டுவிடு என்றேன். அவள் 26 வாரமும் எடுத்தாள், இன்சூரன்ஸில் பிரசவச் செலவு வந்தது. திரும்பிப் போய்ச் சேர்ந்த வாரமே பேப்பர் போட்டாள். பிள்ளையைத் தாம்பரத்தில் அவளுடைய சித்தி வீட்டில் விட்டுவிட்டு 60 நாள் நோட்டீஸையும் முடித்தாள். அந்த இரண்டு மாதமும் எச்ஆர் அக்கா அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லையாம். பேசாவிட்டால் போகிறது, பணம் முழுசாக வந்துவிட்டது.