டிரேட்மார்க் போடக் கொடுத்து ஏமாந்தேன், பலகாரத் தொழில் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

பள்ளத்தூரில் வீட்டோடு தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை போட்டு விற்கிறேன். ஏழு வருஷமாகிறது. 'செட்டிநாடு பலகாரம்' என்ற பெயரைப் பதிவு செய்யப் போன வருஷம் காரைக்குடியில் ஒருவரிடம் கொடுத்தேன். "ரெண்டு மாசத்துல சர்டிபிகேட் கையில இருக்கும் ஆச்சி, நீங்க அலைய வேண்டாம்" என்றார். விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகத்தின் ஜர்னலில் வெளியான பிறகு மற்றவர்கள் ஆட்சேபிக்கவே நாலு மாசம் உண்டு. இரண்டு மாசத்தில் எங்கிருந்து வரும்?

அரசுக் கட்டணம் என்று 9,000 வாங்கினார். 2017 டிரேட்மார்க் விதிகளின்படி தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500தான். என் விண்ணப்பமும் தனிநபர் பெயரில் 4,500 கட்டித்தான் போயிருக்கிறது. ரசீதை நான் பார்த்ததே பிறகுதான்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். விண்ணப்பத்தில் என் மின்னஞ்சல் இல்லை, அவருடையதுதான் இருந்தது. டிரேட்மார்க் அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாலே நமக்குக் கிடைத்ததாகக் கணக்கு. செட்டிநாடு ஊரைக் குறிக்கிறது, பலகாரம் சரக்கைக் குறிக்கிறது என்று ஆட்சேபித்து அறிக்கை வந்திருக்கிறது. பதில் சொல்ல 30 நாள். ஏழு வருஷ பில்களைக் காட்டி வாதாடிப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று எழுதிவிட்டார். ஏற்கெனவே விற்கிறோம் என்றால் பிரமாணப் பத்திரமும் பில்களும் வைக்க வேண்டும், அந்த வேலைக்குச் சோம்பல். பதிலும் போடவில்லை, எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணன் மகன் டிரேட்மார்க் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தபோதுதான் 'அபாண்டன்ட்' என்று வந்தது. அதாவது நானே கைவிட்டுவிட்டேனாம்.

இன்னொன்று. "நம்பர் வந்துருச்சு, ஆர் போட்டுக்கங்க" என்றார். நம்பி 5,000 கவர் அச்சடித்தேன். பதிவாகும் வரை டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான டிஎம் மட்டும்தான் போடலாம். பதிவாகாத பெயருக்கு வட்டத்துக்குள் ஆர் போடுவது சட்டப்படி தவறு. அச்சகத்து அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. வளவில் உட்கார்ந்து மார்க்கரால் ஒவ்வொரு கவராக அழித்தோம். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, கை பட்டால் கலைந்து ஆர் மறுபடி தெரிகிறது. முக்கால்வாசி மூட்டையாகக் கிடக்கிறது.

யாரிடம் கொடுத்தாலும் உங்கள் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் விண்ணப்பத்தில் போடச் சொல்லுங்கள். அனுப்பும் முன் நகலை வாங்கி, எந்தத் தேதியிலிருந்து விற்பதாக எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். விண்ணப்ப எண்ணை வைத்து மாசம் ஒரு தடவை நீங்களே பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

நான் இந்தத் தடவை 'செட்டிநாடு பலகாரம்' என்பதற்குப் பதிலாக அப்பத்தாவின் பெயரையே பதிவுக்குப் போட்டிருக்கிறேன். கூடுதலாக வாங்கிய 4,500ஐக் கேட்டு மூன்று முறை போன் செய்தாயிற்று. இன்னும் எடுக்கவில்லை.