பலாலியா, கட்டுநாயக்காவா: லண்டன் போக எந்த வழி?

கடந்த கார்த்திகையில் மகளிடம் லண்டன் புறப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பலாலி விமான நிலையத்தை விட்டுவிட்டு, இரவு முழுக்க வாகனத்தில் குலுங்கிக் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனேன். அயலட்டை சிரித்தது. அதற்கு முந்தைய பயணம் பலாலி, சென்னை வழியாக அமைந்ததால், இரண்டையும் ஒப்பிட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

தூரக் கணக்கில் பலாலியே முந்துகிறது. அங்கிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர், ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம் ஒன்றேகால் மணி அளவில் கொண்டுபோய் இறக்கிவிடும். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து சுமார் 8,700. பெரிய விமானத்துக்கு இந்த வித்தியாசம் அரை மணி நேரச் சங்கதி. கட்டுநாயக்காவுக்கோ புத்தளம், சிலாபம் வழியாகத் தரையிலேயே எட்டு மணி நேரம் போய்விடுகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தூரமன்று, பொதி. சென்னை வழியில் நான் எடுத்திருந்தவை தனித்தனியான இரண்டு பயணச்சீட்டுகள். சிறு விமானத்தின் நிறை வரம்பு லண்டன் விமானத்தினதைவிடக் குறைவு என்பதால், பலாலியில் பெட்டியைத் திறந்து, மகளுக்கென்று கட்டிய பனங்கட்டிக் குட்டான்களையும் ஒடியல் மாவையும் வழியனுப்ப வந்த தம்பியின் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சென்னையில் பெட்டிகள் தாமாக அடுத்த விமானத்துக்கு மாறவில்லை. குடிவரவைத் தாண்டி, அவற்றைப் பொறுக்கியெடுத்து, வெளியே வந்து, புறப்பாட்டுப் பகுதியில் மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் அப்படி வெளியே வருவதற்கு இந்திய விசாவும் வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், தனிச்சீட்டு என்பதால் அடுத்த நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. அந்தப் பயத்திலேயே இடைவெளியைத் தாராளமாக விட்டு, மாலையில் இறங்கியவன் விடியும்வரை பெட்டிகளுக்குக் காவல் இருந்தேன். மிச்சம் பிடித்த மணித்தியாலங்கள் அந்த நாற்காலியிலேயே கரைந்தன.

கட்டுநாயக்காவில் பெட்டியை ஒரு தடவை கொடுத்தேன். இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் ஹீத்ரோவில் எடுத்தேன். வழியில் வாகனம் பழுதானாலும் பின்னால் வரும் கொழும்பு பஸ்ஸை மறிக்கலாம் என்ற தெம்பும் இருந்தது. இடுப்பு வலித்தது உண்மைதான்.

பலாலியிலிருந்து லண்டன்வரை ஒரே பயணச்சீட்டாகக் கிடைத்தால் கணக்கு மாறக்கூடும். அப்படி நான் போய்ப் பார்த்ததில்லை. கைப்பொதியோடு மட்டும் புறப்படும் இளவயதினருக்கும் என் புலம்பல் பொருந்தாது. சென்னையோடு நிற்கும் பயணமென்றால் பலாலிக்கு நிகரே இல்லை: 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்து, 2020இல் சேவை நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதம் கண் வைத்தியத்துக்குச் சென்னை போவதற்கு அங்கிருந்துதான் சீட்டு எடுத்திருக்கிறேன்.