கூட்டணியா, வெளி ஆதரவா, தனித்து ஆள்வதா? பிரிட்டனின் மூன்று தொங்கு நாடாளுமன்றங்கள்

2010 மே 6 இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த கையோடு வெளியான கருத்துக்கணிப்பு, பிரிட்டனில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்றது. முடிவும் அப்படித்தான் வந்தது. 650 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306, ஆளும் தொழிலாளர் கட்சிக்கு 258, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 57. ஆட்சிக்கு வேண்டியது 326. அதற்கடுத்த சில நாள்களில் லண்டனில் நடந்த பேச்சுவார்த்தைதான் அந்த நாட்டின் அடுத்த பத்தாண்டு அரசியலுக்குப் பாதை போட்டது என்று நான் நினைக்கிறேன்.

கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. லிபரல் டெமாக்ரட்டுகளை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு முழுக் கூட்டணி அமைக்கலாம். அவர்களிடம் வெளியிலிருந்து ஆதரவு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அல்லது யாருடைய தயவும் இல்லாமல் சிறுபான்மை அரசு அமைத்து, தோதான நேரம் பார்த்து மறுபடி தேர்தலுக்குப் போகலாம். மூன்றையும் பிரிட்டன் செய்து பார்த்திருக்கிறது. தனி ஆட்சி 1974-இல், கூட்டணி 2010-இல், வெளி ஆதரவு 2017-இல். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘கூட்டணிக்குள் போகும் சின்னக் கட்சி அழிந்துபோகும்’ என்று 2015-லிருந்து சொல்லப்பட்டுவரும் பாடம் பாதிதான் உண்மை என்பது புரியும்.

நான்காவதாக ஒரு வழியும் பேசப்பட்டது. தொழிலாளர் கட்சியும் லிபரல் டெமாக்ரட்டுகளும் சேர்வது. கணக்குப் போட்டால் 315தான் வருகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக் கட்சிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சேர்த்தால்தான் 326-ஐத் தொட முடியும். இதற்கு வழிவிடுவதற்காக, பிரதமராக இருந்த கோர்டன் பிரவுன் தொழிலாளர் கட்சித் தலைமையிலிருந்து விலகுவதாக மே 10 அன்று அறிவித்தார். ஆனால் அவருடைய கட்சியின் மூத்தவர்களே இது சரிப்படாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மறுநாள் மாலை அவர் பிரதமர் பதவியையும் விட்டு இறங்கினார்.

முதலில் தனித்து ஆண்ட கதை. 1974 பிப்ரவரி தேர்தல் நடந்தபோது சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நாடு தவித்துக்கொண்டிருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, தொழிற்சாலைகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே இயங்கின. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குகள் கொஞ்சம் கூடுதல். ஆனால் இடங்களில் தொழிலாளர் கட்சி 301, கன்சர்வேட்டிவ் 297. பிரதமர் எட்வர்ட் ஹீத் உடனே விலகவில்லை. வார இறுதி முழுக்க லிபரல் தலைவர் ஜெரமி தோர்ப்புடன் பேசினார். 60 லட்சம் வாக்குகள் வாங்கியும் 14 இடங்களே கிடைத்த கட்சி அது. தேர்தல் முறையை மாற்ற உறுதி தரச் சொல்லிக் கேட்டார்கள். ஆலோசனை மாநாடு கூட்டலாம் என்பதற்கு மேல் ஹீத்தால் போக முடியவில்லை. இருவரும் சேர்ந்தாலும் 311தான். அன்றைய 635 பேர் கொண்ட அவையில் அதுவும் போதாது. மார்ச் 4 அன்று ஹீத் விலக, தொழிலாளர் கட்சியின் ஹெரால்ட் வில்சன் சிறுபான்மை அரசு அமைத்தார்.

வில்சன் செய்தது துணிச்சலான வேலை. ‘கவிழ்த்தால் உடனே தேர்தல், பழி உங்கள் மேல்’ என்கிற நிலையில் எதிர்க்கட்சிகளை நிறுத்திவிட்டு, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கொடுத்து வேலைநிறுத்தத்தை முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி தேர்தலுக்குப் போனார். கிடைத்தது 319 இடங்கள், பெரும்பான்மை வெறும் 3. இடைத்தேர்தல்களில் ஒவ்வொன்றாகப் போய், 1977-இல் அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் காலஹன் அதே லிபரல்களிடம் ஆதரவு கேட்டு நிற்க வேண்டிவந்தது. 1979 மார்ச் 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. நோயில் கிடந்த தங்கள் உறுப்பினர் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுவர வேண்டாம் என்று முடிவெடுத்ததால் போன வாக்கு அது. தனித்து ஆள்வது அவசரத்துக்கு உதவும். நெருக்கடி ஒன்றைத் தீர்த்துவிட்டு மக்களிடம் போக அதைவிட வேகமான வழி இல்லை. ஐந்தாண்டுத் திட்டம் போட்டு எதையும் செய்வதற்கு அது உதவாது.

2010-இல் கேமரன் முழுக் கூட்டணியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் பிறகு முதல் கூட்டணி அரசு. லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் க்ளெக் துணைப் பிரதமர். அவரையும் சேர்த்து அமைச்சரவையில் லிபரல் டெமாக்ரட்டுகள் ஐந்து பேர். பெரிய முடிவுகளை கேமரன், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், க்ளெக், டேனி அலெக்சாண்டர் ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசியே எடுத்தார்கள். 57 பேர் உள்ள கட்சிக்கு அந்த நான்கில் இரண்டு நாற்காலி. ஆட்சி ஐந்தாண்டும் நீடித்தது, ஒரு பட்ஜெட்டும் தோற்கவில்லை. வருமான வரி விலக்கு வரம்பை 10,000 பவுண்டாக உயர்த்தியது, ஏழை மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி கொடுத்தது எல்லாம் லிபரல் டெமாக்ரட் தேர்தல் அறிக்கையிலிருந்து அரசாணைக்குப் போனவை. இவ்வளவு செய்தும் அந்தக் கட்சி ஏன் மண்ணைக் கவ்வியது?

கல்லூரிக் கட்டணம். கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று மாணவர் சங்கத்தின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுத்தான் அவர்கள் ஓட்டுக் கேட்டார்கள். கையெழுத்திட்ட தாளைப் பிடித்தபடி க்ளெக் நிற்கும் புகைப்படமே இருக்கிறது. ஆட்சிக்கு வந்து ஏழே மாதத்தில், 2010 டிசம்பர் 9 அன்று, ஏறக்குறைய 3,300 பவுண்டாக இருந்த உச்ச வரம்பு 9,000 ஆனது. தீர்மானம் 21 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. லிபரல் டெமாக்ரட்டுகளில் 21 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கு முன்பு நடந்ததைத்தான். கல்லூரிக் கட்டண விஷயத்தில் அரசின் முடிவு பிடிக்காவிட்டால் லிபரல் டெமாக்ரட்டுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. தப்பிக்கும் வழியை முன்யோசனையோடு கேட்டு வாங்கியிருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகங்களைக் கவனிக்கும் துறையை அவர்களுடைய வின்ஸ் கேபிளே ஏற்றுக்கொண்டார். தான் கொண்டுவந்த திட்டத்துக்கு வாக்களிக்காமல் ஓர் அமைச்சர் ஒதுங்கி நின்றால் அது என்ன ஆட்சி? அந்தத் துறை கன்சர்வேட்டிவ் கையில் இருந்திருந்தால் எழுதி வாங்கிய உரிமை உயிரோடு இருந்திருக்கும். கட்சியின் வீழ்ச்சிக்குக் கூட்டணியில் சேர்ந்ததைக் காரணமாகச் சொல்கிறார்கள். வாக்குறுதியை உடைக்க வேண்டிவரும் துறையைத் தங்கள் கையிலேயே வாங்கிக்கொண்டதுதான் காரணம் என்பேன்.

இன்னொரு பிழை, கேட்ட விலை. அந்தக் கட்சியின் நெடுநாள் கனவு விகிதாச்சாரத் தேர்தல் முறை. கிடைத்ததோ, வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை போட்டு வாக்களிக்கும் முறைக்கு ஒரு பொதுவாக்கெடுப்பு. கூட்டணித் தலைவர் கேமரனே எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 2011 மே மாதம் 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தோற்கக்கூடிய ஒரு வாக்கெடுப்பை விலையாக வாங்கினால், தோற்ற அன்றே கை காலியாகிவிடும்.

2015-இல் 57 இடங்கள் 8 ஆயின. வாக்கு 23 சதவீதத்திலிருந்து 7.9-க்குச் சரிந்தது. அவர்கள் இழந்த தொகுதிகளில் பெரும்பங்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்கே போய், கேமரனுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது. கூட்டணி இருந்தவரை ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய பொதுவாக்கெடுப்பு அரசு மசோதாவாக வர முடியவில்லை. பங்காளி போனதும் வந்தது. 2016 ஜூன் 23 அன்று பிரெக்ஸிட் முடிவானது. கல்லூரிக் கட்டணத்துக்காக அந்தக் கட்சியைத் தண்டித்த இளைஞர்களில் பெரும்பாலோர் விரும்பாத முடிவு அது. எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் இதுதான்.

மூன்றாவது வழிக்கு வருவோம். 2017 ஜூன் 8 தேர்தலை, கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே தானாகவே, மூன்றாண்டு முன்னதாக வரவழைத்தார். இருந்த பெரும்பான்மையும் போய் 317-இல் நின்றார். வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சிக்கு 10 இடங்கள். லிபரல் டெமாக்ரட்டுகளின் கதியைப் பார்த்திருந்தவர்கள் அமைச்சரவைப் பக்கமே போகவில்லை. ஜூன் 26 அன்று பிரதமர் இல்லத்தில் இரு கட்சிக் கொறடாக்களும் கையெழுத்திட்டார்கள். நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட், பிரெக்ஸிட் சட்டங்கள், நாட்டின் பாதுகாப்பு ஆகியவற்றில் ஆதரவு. பதிலுக்கு வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு.

பேரம் என்ற அளவில் இது லிபரல் டெமாக்ரட்டுகள் செய்ததைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஆனால் நாட்டுக்கு என்ன ஆனது? அந்த டிசம்பர் 4 அன்று பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத் தலைவரோடு மே மதிய உணவில் இருந்தபோது, வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை பற்றிய உடன்பாட்டை ஏற்க முடியாது என்று அந்தக் கட்சியின் தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டர் பெல்ஃபாஸ்டிலிருந்து தடை போட்டார். பிரதமர் கையெழுத்தில்லாமல் ஊர் திரும்பினார். அமைச்சரவையில் இல்லாத, எந்தக் கோப்புக்கும் பொறுப்பேற்காத ஒருவர் பிரதமரின் பேனாவைப் பிடித்து நிறுத்த முடிந்தது.

2019 ஜனவரியில் அடுத்தடுத்த இரு நாள்கள் இந்த ஏற்பாட்டை முழுசாகக் காட்டிக்கொடுத்தன. 15-ஆம் தேதி மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தம் 202-க்கு 432 என்று 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அந்தப் பத்துப் பேரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு 325-க்கு 306 என்று பிழைத்தது. இம்முறை அந்தப் பத்துப் பேரும் அரசின் பக்கம். அவர்கள் மாறிப் போட்டிருந்தால் 315-க்கு 316. ஒரே வாக்கில் ஆட்சி போயிருக்கும். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் செய்ய வந்த ஒரே வேலையைச் செய்யவிடவில்லை. அதே ஒப்பந்தம் மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது; மே மாதத்தில் தெரசா மே தன் விலகலை அறிவித்தார்.

வேறொரு கேடும் இதில் இருந்தது. 1998 சமாதான ஒப்பந்தத்தின்படி பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற வட அயர்லாந்தின் இரு தரப்புக்கும் நடுவில் லண்டன் அரசு பாரபட்சமில்லாமல் நிற்க வேண்டும். ஒரு தரப்பின் பத்து வாக்கில் உயிர் வாழும் அரசு எப்படி நடுவர் ஆகும்? அங்கே மாகாண அரசு 2017 ஜனவரியிலேயே முடங்கிக் கிடந்தது. முன்னாள் பிரதமர் ஜான் மேஜர், கன்சர்வேட்டிவ் கட்சிக்காரரே, இந்த உடன்பாடு வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தார். கேட்கவில்லை.

வெளியில் நின்ற கட்சியாவது பிழைத்ததா? 2019 அக்டோபரில், மேவுக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் இடையே கடலில் சரக்குச் சோதனை வரும்படியான ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். எதைத் தடுக்க அந்தக் கட்சி அத்தனை வாக்குகளையும் செலவழித்ததோ அதுவே வந்தது. டிசம்பர் தேர்தலில் 10 இடம் 8 ஆனது; நாடாளுமன்றக் குழுத் தலைவர் நைஜல் டாட்ஸே பெல்ஃபாஸ்ட் வடக்கில் தோற்றார். இட எண்ணிக்கையில் அடி சிறியதுதான். கொள்கையில் விழுந்த அடிக்கு லிபரல் டெமாக்ரட்டுகளின் இழப்பும் ஈடாகாது.

எனவே எனக்குத் தயக்கமில்லை: நாட்டுக்கு முழுக் கூட்டணிதான் நல்லது. முடிவெடுக்கிறவர்கள் அமைச்சரவையில் உட்கார்ந்து, அவையில் பதில் சொல்லி, அடுத்த தேர்தலில் அதற்கான கூலியோ தண்டனையோ வாங்குகிறார்கள். 2015-இல் லிபரல் டெமாக்ரட்டுகள் வாங்கிய தண்டனைகூட அந்தப் பொறுப்பு வேலை செய்ததற்கு அடையாளம். ஒரே ஒரு நெருக்கடியைத் தீர்த்துவிட்டு உடனே மக்களிடம் போவதாக இருந்தால் மட்டும் 1974-இன் வழி சரி. வெளி ஆதரவை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2024-இல் தொழிலாளர் கட்சி 33.7 சதவீத வாக்கிலேயே 411 இடங்களைப் பிடித்தது. வாக்குகள் இப்படி நாலாபக்கமும் சிதறும் நாட்டில் அடுத்த முறை இடங்களும் சிதறலாம். அப்போது பேரத்துக்கு உட்காரும் சின்னக் கட்சியின் கையில் 2010-இல் இருந்த ஒரு காப்பு இருக்காது. கேமரன் நினைத்தபோது அவையைக் கலைத்துவிட்டுத் தேர்தலுக்கு ஓட முடியாதபடி, 2011-இல் ஐந்தாண்டுப் பதவிக்காலச் சட்டத்தை லிபரல் டெமாக்ரட்டுகள் கொண்டுவர வைத்தார்கள். 2022-இல் அது நீக்கப்பட்டு, தேர்தல் தேதியைக் குறிக்கும் அதிகாரம் மறுபடி பிரதமரிடமே போய்விட்டது. துறைகளையும் கொள்கைகளையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே, இரு கட்சித் தலைவர்களின் சம்மதமில்லாமல் அவையைக் கலைக்கக் கூடாது என்ற ஷரத்தை அவர்கள் எழுதி வாங்க வேண்டும். கல்லூரிக் கட்டணம் போன்ற துறை ஒன்று தங்கள் பக்கம் நீட்டப்பட்டால், அதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.