எக்ஸ்64, எக்ஸ்64எஸ்சி, மிஸ்டர்: பழைய கமடோரின் படத்தை எது சரியாகக் காட்டுகிறது?

குடியாத்தத்தில் அக்கா மகன் தன் லேப்டாப்பில் கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரின் விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தான். "மாமா, எதைப் போடறது? ஒருத்தன் எக்ஸ்64னு சொல்றான், ஒருத்தன் எக்ஸ்64எஸ்சின்றான், இன்னொருத்தன் மிஸ்டர் வாங்குன்றான்." முதல் இரண்டும் எமுலேட்டர்கள், அதாவது பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர்; மிஸ்டர் தனி ஹார்ட்வேர். மூன்றும் காட்டுவது 1982இல் வந்த அதே மெஷினைத்தான். படம் வரையும் விக்-2 சிப்பை எவ்வளவு நுணுக்கமாகப் பின்பற்றுகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

அவனுக்குத் தறியை வைத்துச் சொன்னேன். கைலி நெய்யும்போது ஊடை நூல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நிறத்தில் போகும். வேறு நிறம் வேண்டுமென்றால் அடுத்த ஓட்டத்தில்தான். எளிய எமுலேட்டர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன: ஒரு வரியை ஒரே மூச்சில் வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். இன்னும் சோம்பேறியானவை திரை முழுவதையும் ஒரே தடவையில் வரையும், அவற்றை விட்டுவிடலாம். விக்-2 அப்படி இல்லை. நம் ஊர் டிவிக்கு ஒத்த பிஏஎல் மெஷினில் ஒரு வரிக்கு 63 சைக்கிள் (புரோசசரின் கடிகாரத் துடிப்பு), ஒரு சைக்கிளுக்கு 8 பிக்சல். வரி பாதி ஓடியிருக்கும்போதே புரோகிராம் நிறத்தை மாற்றலாம்.

சோதிக்க மூன்றே கட்டளை போதும். எஸ்இஐ போட்டு, புரோசசரை நடுவில் வேறு வேலைக்கு இழுக்கும் இன்டரப்டை நிறுத்துங்கள். அப்புறம் பார்டரின் (திரையைச் சுற்றியுள்ள ஓரச் சட்டம்) நிற எண்ணில் ஒன்று கூட்டும் ஐஎன்சி டி020, அதற்கே திரும்பிப் போகும் ஒரு ஜேஎம்பி. பார்டர் நிறம் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். ஐஎன்சிக்கு 6 சைக்கிள், ஜேஎம்பிக்கு 3. ஆக, சுற்றுக்கு 9. 63ஐ 9 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் மேல் பார்டரிலும் கீழ் பார்டரிலும் நிறம் மாறும் இடங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஒவ்வொரு பட்டையும் 72 பிக்சல் அகலம். அமெரிக்க என்டிஎஸ்சி மெஷினில் வரிக்கு 65 சைக்கிள் என்பதால் அதே புரோகிராமில் கோடுகள் சாய்ந்து ஓடும்.

திரையின் நடுப்பகுதிக்கு வந்தால் வேடிக்கை வேறு. எழுத்துகளை எடுத்துவர 8 வரிக்கு ஒருமுறை விக்-2 புரோசசரிடமிருந்து 40 சைக்கிளையாவது பிடுங்கிக்கொள்ளும். 'பேட் லைன்' என்பது அதுதான். அந்த வரி வந்ததும் பக்கவாட்டுப் பார்டரில் நேராக வந்த கோடு தடுக்கி, வேறு இடத்தில் தொடரும். முழு வரியாக வரையும் எமுலேட்டரில் இது எதுவும் தெரியாது, வரிக்கு ஒரு நிறம்தான்.

எக்ஸ்64 அவ்வளவு மோசமில்லை. வரியை மொத்தமாக வரைந்தாலும், நடுவில் நடந்த மாற்றங்களைக் குறித்துவைத்துக்கொள்ளும். சாதாரண விளையாட்டுக்கு அது போதும், பழைய கம்ப்யூட்டரிலும் லேசாக ஓடும். பேட் லைனை வேண்டுமென்றே வரிதோறும் வரவழைக்கும் எஃப்எல்ஐ படங்கள் போன்ற குறும்புகளுக்கு எக்ஸ்64எஸ்சியை நம்புவதே மேல். அது சைக்கிள் சைக்கிளாகப் பிக்சல் வரைக்கும் போகிறது. பிற்கால 8565 சிப்பில் நிறத்தை எழுதும் கணத்தில் ஒரு சாம்பல் புள்ளி மின்னும். அந்தக் குறையைக்கூட விடாமல் காட்டுகிறது. விலையாக நிறைய புரோசசர் வேகம் கேட்கிறது. இன்றைய லேப்டாப்புக்கு அது ஒரு பாரமே இல்லை.

மிஸ்டர் வேறு ஜாதி. டிஇ10-நானோ போர்டில் உள்ள எஃப்பிஜிஏ சிப்புக்குள் பழைய சர்க்யூட்டையே அமைத்துவிடுகிறார்கள். 'எஃப்பிஜிஏ என்றாலே அசல்' என்று சிலர் சத்தியம் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதையும் ஒருவர் புரிந்துகொண்டு எழுதியதுதான். புரிதலில் பிழை இருந்தால் அங்கேயும் பிழைதான். அதன் உண்மையான பலம் தாமதம் குறைவு என்பதும், டிவிக்குச் சிக்னலைச் சரியான வேகத்தில் அனுப்ப முடியும் என்பதும்.

இந்த வேக விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிஏஎல் கமடோர் நொடிக்கு 50.12 படம் போடும். லேப்டாப் திரை பெரும்பாலும் 60. ஆகவே ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு முறை வரும். எழுத்து பக்கவாட்டில் நகரும்போது காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இணைப்புகளில் பைக் ஏறி இறங்குகிற மாதிரி, தவறாமல் ஒரு டக். சிப்பை எவ்வளவு துல்லியமாகச் செய்திருந்தாலும் இந்த டக் போகாது. லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் டிவியோடு இணைத்து 50 ஹெர்ட்ஸ் வைத்தோம். உடனே வழுக்கிக்கொண்டு ஓடியது. மீதி 0.12க்காக எட்டு நொடிக்கு ஒருமுறை லேசாகத் தடுக்கலாம். அது அவன் கண்ணில் படவில்லை.

அடுத்தது நிறம். பிஏஎல் டிவி அடுத்தடுத்த வரிகளின் நிறத்தைச் சராசரி பார்த்துக் காட்டும். பிரகாசம் ஒத்த இரண்டு நிறங்களை வரி மாற்றி வரி போட்டால் மூன்றாவது ஒன்று தெரியும்; 16 நிறத்துக்கு மேல் காட்டப் பழைய கலைஞர்கள் இதைத்தான் நம்பினார்கள். எமுலேட்டரில் பிஏஎல் ஃபில்டரைப் போடாவிட்டால் வெறும் கோடுதான் தெரியும்.

அசல் மெஷினும் குழாய் டிவியும் வைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. படத்துக்கு அதற்கு இணை எதுவுமில்லை. ஆனால் அதன் பழைய பவர் சப்ளையில் 5 வோல்ட் பகுதி பழுதானால் மின்னழுத்தம் எகிறி மெமரி சிப்பை வறுத்துவிடும். வேலூர் வெயிலில், கரண்ட் போய்ப்போய் வரும் வீட்டில், புது சப்ளை இல்லாமல் நான் அதைச் செருக மாட்டேன்.

கடைசியில் அவனுக்கு எக்ஸ்64எஸ்சி, சிப் 6569 (பிஏஎல் விக்-2இன் முந்தைய வகை), பிஏஎல் ஃபில்டர், டிவியில் 50 ஹெர்ட்ஸ். மிஸ்டருக்கு ஆகும் காசை, காயலாங்கடையில் நல்ல குழாய் டிவி ஒன்று கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். இப்போதைக்கு அக்கா சீரியல் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறான்.