புளூடூத் பீக்கனா, என்எஃப்சி ஒட்டியா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய லயன் காம்பராவை (தொழிலாளர் வரிசைவீட்டின் ஓர் அறை) காட்சியறையாக்க முனைந்துள்ள இளைஞர்கள், கொழுந்துக் கூடை, தராசு, பிரட்டுத் தப்பு (தொழிலாளரை வேலைக்கு அழைக்க அடித்த பறை) ஆகியவற்றின் வரலாற்றைப் பார்வையாளரின் கைபேசிக்குக் கொண்டுசேர்க்க, புளூடூத் பீக்கன் (வானலையில் சமிக்ஞை பரப்பும் சிறு கருவி), என்எஃப்சி ஒட்டி (கைபேசியை அருகே கொண்டுசென்றால் தகவல் தரும் சில்லுள்ள ஸ்டிக்கர்) ஆகிய இரண்டில் எது ஏற்றது என்று கேட்கிறார்கள்.

செலவு: ஒட்டி மிக மலிவானது. பீக்கனின் விலை அதைவிடப் பன்மடங்கு.

மின்சாரம்: ஒட்டிக்குத் தொடும் கைபேசியே சக்தியளிக்கிறது. பீக்கனுக்கு மின்கலம் மாற்ற ஓர் ஆள் தேவை.

தூரம்: ஒட்டியைச் சுமார் 4 சென்ரிமீற்றருக்குள் அணுக வேண்டும். பீக்கனின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை பல மீற்றர் பரவினாலும், மனித உடல் அதை உறிஞ்சுவதால், 10 அடிக்கு 12 அடி அறையில் கூடை எது, தராசு எது என்று அது தடுமாறும்.

உள்ளடக்கம்: பீக்கன் பொதுவாகத் தன் அடையாள எண்ணை மட்டுமே ஒலிபரப்புகிறது, கதையைச் செயலிதான் தர வேண்டும். முன்பே தரவிறக்கிய செயலியென்றால், சிக்னல் கிடைக்காத மலைச்சரிவிலும் அது இயங்கும் என்பது பெரிய நன்மை. 144 பைட் கொள்ளளவுள்ள ஒட்டியிலோ, ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 3 பைட் கொள்வதால், 48 குறிகளுக்கு மேல் அடங்கா. இணைய முகவரியை எழுதுவதே வழி.

தராசின் இரும்பில் சாதாரண ஒட்டி வேலை செய்யாது. உலோகத்தின் இடையூறைத் தடுக்கும் ஃபெரைட் அடுக்குள்ளதை வாங்குங்கள். என்எஃப்சி இல்லாத கைபேசிகளுக்காகப் பக்கத்தில் கியூஆர் குறியும் அவசியம்.

அறைக்குள் ஒட்டியையே நான் பரிந்துரைப்பேன். தேயிலை மலைக்கூடாகச் செல்லும் நடைபாதைக்கு, செயலியோடு பீக்கன் பொருந்தும்.