தாமஸ் அக்வினாஸ்: இரண்டு பெருநூல்களில் எதை முதலில் படிப்பது?

‘இறையியல் தொகுப்பு’, ‘பிற இனத்தாருக்கு எதிரான தொகுப்பு’ இரண்டுமே 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளரும் மெய்யியலாளருமான அக்வினாஸின் சிந்தனைக்குத் தூண்கள்.

அளவு: முன்னதில் 512 வினாக்கள், 1273 டிசம்பரில் எழுத்தை நிறுத்தியதால் முற்றுப்பெறவில்லை. பின்னது நான்கு பாகங்கள், முழுமையானது.

நடை: பின்னதில் சிறு அத்தியாயங்கள், நேரான உரைநடை. முன்னதில் ஒவ்வொரு வினாவும் சில பகுதிகளாகப் பிரியும்; ஒவ்வொரு பகுதியும் அவர் மறுக்கப்போகும் எதிர்வாதங்களோடு தொடங்கும். பலர் அவற்றையே அக்வினாஸின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். வருத்தமான தவறு இது. ‘பதிலாகச் சொல்கிறேன்’ என்று தொடங்கும் பத்தியில்தான் அவர் கருத்து இருக்கிறது; அதை முதலில் படியுங்கள். பிறகு எதிர்வாதம் ஒன்று, அதற்கான விடை ஒன்று என்று சேர்த்துப் படியுங்கள்.

அடித்தளம்: பின்னதின் முதல் மூன்று பாகங்கள் பகுத்தறிவுக்கு எட்டுபவை, திரித்துவம் (ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கிறார் என்ற கிறித்தவ நம்பிக்கை) போன்ற, இறைவெளிப்பாட்டைச் சார்ந்தவை நான்காவதில்தான்.

மெய்யியல் ஆர்வலருக்கும் பிற சமயத்தவருக்கும் பின்னதே பொருந்தும். அறநெறி தேடுவோருக்கு முன்னதின் இரண்டாம் பாகம். கடவுள் இருப்புக்கான ஐந்து வழிகள் மட்டும் போதுமென்றால் முன்னதின் முதல் பாகம், 2ஆம் வினா, 3ஆம் பகுதி.